அரிசி மூட்டைக்கு அடியில் ஓர் ஆடு

காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள். இரண்டு, குணா.

அன்று குணா.

"விமலா, பேப்பர்ல நீ எழுதுனத படிச்சேன் லா. நம்ம ஆடு இன்னும் உன்கிட்டதான் இருக்கா?"

கையில் இருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தோசை தீய்ந்தது.

விஷயம் இதுதான். மூன்று வாரங்களுக்கு முன் இதே இடத்தில், அலமாரியைச் சுத்தம் செய்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பழைய விளையாட்டு அட்டை கிடைத்தது என்று அதில் ஒரு பாரா வரும். நிறையப் பேர் மெசேஜ் அனுப்பினீர்கள். 'எங்கள் வீட்டிலும் இருந்தது, அம்மா தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்' என்று புலம்பியவர்கள்தான் அதிகம். எல்லோருக்கும் நன்றி.

அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். 'இந்த ஆட்டை நான் பதினோரு வயதில், எங்கள் எஸ்டேட் கோயில் தரையில், ஒரே அடியில், கை சுத்தமாக ஜெயித்தேன்.'

பதினோரு வயது — உண்மை. கோயில் தரை — உண்மை. ஒரே அடி... அதுவும் உண்மைதான்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்கள் காலத்தில் ஜப்பானிலிருந்து ஒரு விளையாட்டு வந்தது. டிவியில் கார்ட்டூன், கையில் வைத்துத் தட்டுகிற கேம், அப்புறம் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விநோத மிருகம் இருக்கும். அதன் பலம் எவ்வளவு, அது எதற்குப் பயப்படும் என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். முறைப்படி ஆட வேண்டுமானால் ஒரு கட்டு அட்டை வேண்டும், விதிகள் தெரிய வேண்டும், அதைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். மம்பாவைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த எங்கள் எஸ்டேட்டில் ஆளுக்கு ஐந்தாறு அட்டை இருந்தாலே அதிசயம்.

அதனால் நாங்கள் அதை வைத்துத் தெப்புக் ஆடினோம்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஆளுக்கொரு அட்டையைக் கவிழ்த்துத் தரையில் வைக்க வேண்டும். உள்ளங்கையைக் குழித்து, அட்டைக்குப் பக்கத்தில் ஓங்கி ஓர் அடி. அந்தக் காற்றில் எதிராளியின் அட்டை புரண்டு முகம் காட்டினால் அது உங்களுக்கு. அவ்வளவுதான். அந்த ஜப்பான்காரர்கள் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

குணாவின் ஆடு மேகத்தின் மேல் நின்றது. வெள்ளை ஆடு, இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் மின்னல். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மின்னல் நிஜமாகவே ஓடும். ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை, 'ஆடு' என்றே சொல்வோம். எஸ்டேட்டில் நிஜ ஆடுகள் நிறைய மேய்ந்தன. மின்னுகிற ஆடு ஒன்றுதான்.

"இருக்கு," என்றேன் போனில். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த அலமாரி, எந்த டின் என்பது வரைக்கும் நானே விலாவாரியாக எழுதித் தொலைத்திருந்தேனே! எழுதுகிறவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று யார் சொன்னது?

"கூட வேலை செய்ற ஒருத்தன் சொன்னான், அந்தக் காலத்து கார்டுக்கெல்லாம் இப்ப பெரிய விலையாம். சிரம்பான்ல ஒரு கடை இருக்காம். பார்த்து எழுதிக் குடுப்பாங்களாம். போய்ப் பார்ப்பமா?"

"விக்கிறதுக்கா?"

"சேச்சே! கார்டு உன்னுது லா. நீ ஜெயிச்சது. எனக்கு அந்தக் கடைக்காரன் எழுதிக் குடுக்கிற தாளு மட்டும் போதும்."

தாள் எதற்கு? அதைச் சொல்ல அவன் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

குணாவின் முழுப்பெயர் குணசேகரன். அந்தப் பெயரை அவனுடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையைப் பார்க்கும் போலீஸ்காரர் மட்டும்தான் படிப்பார். எஸ்டேட் கலைந்து மம்பாவுக்கும் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோய்விட்ட எங்கள் எல்லோருக்கும் அவன் ஆட்டுக் குணா. ஆட்டைத் தோற்றவன். அதுவும் ஒரே அடியில், அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளையிடம். அன்று சாயங்காலம் வைத்த பெயர். அவனுடைய கல்யாண வீட்டுக்கு வழி காட்டி ஒட்டிய அட்டையில்கூட யாரோ 'ஆட்டுக் குணா வீடு' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதை எழுதியவர்களுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. அப்படி எழுதினால்தான் ஆட்களுக்கு வீடு தெரியும்.

இப்போது அவன் நீலாயில் ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர். அவன் கை காட்டினால் போர்க்லிஃப்ட் நிற்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, பழைய எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவோம். கமிட்டி மணியம் அண்ணன் மைக்கைப் பிடித்து, "இன்றைய தயிர்சாதம் உபயம்... ஆட்டுக் குணா குடும்பத்தார்!" என்று செம்பனைக் காடு அதிர அறிவிப்பார். அவன் மனைவி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். போன வருஷம் அவனுடைய மகள் கேட்டாளாம்: "அப்பா, நீங்க சின்ன வயசுல ஆடு மேய்ச்சீங்களா?"

"அந்தத் தாள மணியம் அண்ணன்கிட்ட குடுத்து மைக்குல படிக்கச் சொல்லணும்," என்றான் குணா. "நான் தோத்தது சும்மா ஆடு இல்ல, விலை ஒசந்த ஆடுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். பேரு எப்படியும் போகாது. கொஞ்சம் மரியாதையாவது வரும்ல?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"இன்னொண்ணு சொல்லவா? நீ நேர்மையா ஆடுன. அதனாலதான் இத்தனை வருஷத்துல எனக்கு உன்மேல ஒரு நாளும் கோவம் வந்ததில்ல."

போனை வைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று குணா முதலில் அடித்தான். என் அட்டை அசையவில்லை. என் முறை வந்தது. "ஒரு தடவை பார்த்துட்டுத் தரேன்டா, இனிமே எப்படியும் எனக்குக் கிடைக்கப்போறதில்ல," என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ஆட்டைக் கையில் வாங்கினேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மின்னலை மெச்சினேன். மெச்சிக்கொண்டே, கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைப் பின்பக்கமாக லேசாக மடக்கினேன். பிறகு நானே, மிகுந்த மரியாதையோடு, அதைத் தரையில் கவிழ்த்து வைத்தேன். மூலை தரையை விட்டு ஒரு நூல் எழும்பி நின்றது. காற்று நுழைய அது போதும்.

ஒரே அடி. ஆடு புரண்டு, மின்னலோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

குணா அழவில்லை. "நல்லா ஆடுன," என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். அழுதிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

கடைக்குப் போக ஒரு வாரம் இருந்தது. மகளின் கம்ப்யூட்டரில் இந்த அட்டைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். தலை சுற்றியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களாம். ஓரம் வெளுத்திருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, மேலே கீறல் உண்டா... எல்லாவற்றையும்விட முக்கியமாக மூலை. நான்கு மூலைகளும் ஊசிபோல இருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நம் ஆட்கள் இவ்வளவு துருவிப் பார்ப்பதில்லை.

மூலையை எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும். வேறு வழி?

இஸ்திரி போடலாமா என்று நினைத்தேன். மேசைவரை போய், ஆடு கருகிவிடும் என்று திரும்பினேன். கடைசியில் மேலும் கீழும் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, சமையலறையில் இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். அரிசியைவிட நம்பகமான பாரம் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் மூட்டையை நகர்த்தினார்.

"அரிசிக்கு அடியில என்னாம்மா? எலிக்கு ஏதும் வச்சிருக்கியா?"

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என்கூட கேரம் ஆடறப்ப?"

"அது வேற!"

"ம்ம்," என்றார். அந்த 'ம்ம்' இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. "பேசாம குணாகிட்ட சொல்லிடு. சின்னப் புள்ளையில செஞ்சது தானே?"

சின்னப் பிள்ளையில் செய்தது சரி. பேப்பரில் 'கை சுத்தமாக' என்று எழுதியது? அது நாற்பதை நெருங்குகிற ஒரு பெண், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல நினைவோடு எழுதியது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சனிக்கிழமை வந்தது. மூலை கிட்டத்தட்ட நேராகிவிட்டிருந்தது. கிட்டத்தட்ட.

கடை சிரம்பானில், ஒரு கைப்பேசி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. குணா எனக்கு முன்னாலேயே வந்து படிக்கட்டில் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, வாசனை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பெண் பார்க்கப் போகிறவனைப்போல இருந்தான்.

"என்னா ஃபைல்?"

"என்னோட மத்த கார்டுங்க. அஞ்சு இருக்கு. அப்பா பத்திரமா வச்சிருந்தாரு."

கடைக்காரர் பெயர் லிம். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கையுறை, மேசை விளக்கு, கண்ணில் பொருத்துகிற சின்ன லென்ஸ். அசப்பில் தங்கப் பல் கட்டுகிற டாக்டர் மாதிரி இருந்தார். அவர் பேசியது மலாய், நான் தமிழில் தருகிறேன்.

குணா முதலில் தன் ஃபைலைத் திறந்து ஐந்து அட்டைகளையும் வரிசையாக வைத்தான். லிம் குனிந்து பார்த்தார். ஓர் அட்டையைத் தூக்கி வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை. மேசையில் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது.

ஐந்தும் லேமினேட் செய்யப்பட்டிருந்தன.

"யார் செஞ்சது?" என்றார் லிம், துக்க வீட்டில் கேட்கிற குரலில்.

"எங்க அப்பா," என்றான் குணா பெருமையாக.

அவன் அப்பா ஆறுமுகம் மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிறுவயதில் அவருடைய பிறப்புப் பத்திரம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே நனைந்து கூழாகிவிட்டது. ஒரே ஒரு தாள். அது இல்லாததால் குடிமக்களுக்கான நீல நிற ஐசி கிடைக்க அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது பாதி ஆயுசு. கையில் கிடைத்த அன்றே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி என் வீட்டில் ஒரு தாளும் நனையக் கூடாது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட ரிப்போர்ட், கல்யாணப் பத்திரிகை, ஒரு முறை கிளினிக்கில் கொடுத்த மருந்துச் சீட்டு — எல்லாவற்றையும் சிரம்பானுக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார். எங்கள் எஸ்டேட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு, மாமாவுக்குக் கொஞ்சம் கூடுதல். மகன் கண்போல வைத்திருந்த அட்டைகளை அவர் சும்மா விடுவாரா?

லிம் மிக மெதுவாக விளக்கினார். சூடு, பசை, பிளாஸ்டிக்... பிரிக்க முடியாது. பிரித்தால் கிழியும். இந்த ஐந்துக்கும் விலை என்று ஒன்றும் கிடையாது.

"பரவால்ல," என்றான் குணா. "நனையாம இருக்குல்ல?" ஃபைலை மூடி மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. 

"இப்ப ஆட்ட எடு, விமலா."

எடுத்தேன்.

லிம்மின் முகம் மாறியது. கையுறையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டார். விளக்கை இழுத்தார். "முதல் பதிப்பு!" என்றார். ஓரங்களைப் பார்த்தார், தலையாட்டினார். மின்னலைப் பார்த்தார், சிரித்தார். முதல் மூலை... நன்று. இரண்டாம் மூலை... நன்று. குணா எனக்குப் பக்கத்தில் மூச்சுப் பிடித்து நின்றான். மூன்றாம் மூலை... மிக நன்று.

நான்காவதில் லென்ஸ் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இது தேய்ஞ்சது இல்ல," என்றார். "யாரோ வேணும்னே மடிச்சிருக்காங்க. நகத்தால."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மடிச்சது ரொம்பப் பழசு. ஆனா நிமிர்த்தினது இப்பதான், போன வாரம்போல. இந்தக் கோட்டுக்குள்ள வெள்ளையா என்னமோ தூசி இருக்கு..." லிம் முகர்ந்து பார்த்தார். "அரிசியா?"

காலண்டரில் அன்று அஷ்டமி. சீனக் காலண்டரில் அஷ்டமி போட மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது.

லிம் சிரித்தே விட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? "நானும் சிரம்பான்லதான் வளர்ந்தேன். நாங்களும் தெப்புக் ஆடியிருக்கோம். இது பழைய தில்லுமுல்லு! எதிராளி கார்ட வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்து, மூலையத் தூக்கிவிட்டுக் கீழ வைக்கிறது. எங்க தெருவுல ஒருத்தன் இதுல பெரிய கில்லாடி." பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "முதல்ல இது யாரோட கார்டு?" என்றார்.

"என்னுது," என்றான் குணா.

"அப்ப உங்கள யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க, பாஸ்."

நான் காலண்டரிலேயே இருந்தேன். குணா திரும்பி என்னைப் பார்க்கிறான் என்பது முதுகில் தெரிந்தது. முதுகு சுட்டது.

கடைசியில் அவன் பேசியது லிம்மிடம். "விலை எழுதிக் குடுங்க. மடிஞ்சதுக்கு என்னா விலை, மடியாம இருந்தா என்னா விலை. ரெண்டும் எழுதுங்க."

லிம் எழுதினார். மடிந்த ஆட்டின் விலைக்கு ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கலாம். மடியாத ஆட்டின் விலைக்கு ஒரு கார். பழைய கார்தான், ஆனால் ஓடுகிற கார்.

கீழே இறங்கி எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். குணா கையை உயர்த்தி, "தே தாரிக், ஒண்ணு," என்றான்.

ஒண்ணு. கவனித்தீர்களா?

"குணா..."

"குடிச்சு முடிச்சிடறேன்."

குடித்தான். நுரையை வழித்துக் குடித்தான். டீ இவ்வளவு நேரம் ஒரு டம்ளரில் தாக்குப்பிடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு டம்ளரை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டான்:

"மின்னல் ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னியே... அப்பவா?"

"அப்பதான்."

"நான் அன்னிக்கு என்னா நினைச்சேன் தெரியுமா? பாவம், இவளுக்கு ஒண்ணுமே இல்லையே, ஜெயிச்சா நாமளே இவளுக்கு ஒரு கார்டு குடுப்போம்னு நினைச்சேன்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுடா," என்றேன். பொதுவாக நான் நீளமாகப் பேசுகிறவள். அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

குணா தன் ஃபைலைத் திறந்தான். ஐந்து அட்டைகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தட்டினான். டக். டக். திடீரென்று தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இரு, இரு. நீ மட்டும் அன்னிக்கு ஏமாத்தாம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

"ஆடு என்கிட்டயே இருந்திருக்கும். எங்க அப்பா அதையும் கொண்டுபோயி..." அவனால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. மேசை ஆடியது.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது. அதுதான் என் கெட்ட நேரம்.

"பார்த்தியா! ஒரு வகையில பார்த்தா நான்தானே ஆட்டக் காப்பாத்தியிருக்கேன்?"

சிரிப்பு நின்றது. "திருடுனதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லணுமா?"

"இல்ல, இல்ல..."

"திருவிழாவுக்கு வா," என்றான் எழுந்துகொண்டே. "மைக்குல நீயே சொல்லு. எல்லார் முன்னாலயும். எனக்கு அது போதும்."

ஒரு விஷயம் கவனித்தேன். தப்பு செய்தவர்களுக்கு எப்போதும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும். 'நான் எடுக்காவிட்டால் கெட்டுப்போயிருக்கும்' என்பது அதில் ரொம்பவும் வசதியானது. அடுத்தவர் இடத்தில் வேலி போட்டவரும் இதைத்தான் சொல்கிறார். அக்காவின் சங்கிலியை வாங்கித் திருப்பித் தராத தங்கையும் இதைத்தான் சொல்கிறாள். வேடிக்கை என்னவென்றால், சில சமயம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் பறிகொடுத்தவர். எடுத்தவர் சொன்னால் எடுபடாது... சாப்பாட்டுக் கடையில் நேரில் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா. எஸ்டேட்டில் பாதி இப்போது வீடமைப்புத் திட்டம், மீதி செம்பனை. கோயில் மட்டும் நடுவில் அப்படியே நிற்கிறது. அம்மன் ஊர்வலம் முடிந்து, அன்னதானத்துக்கு எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்ற நேரம் பார்த்து மணியம் அண்ணன் மைக்கை என்னிடம் கொடுத்தார். "நம்ம எழுத்தாளரம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்று மைக்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன். நான் ஆட்டை வென்ற அதே இடம். அப்போது சிமெண்டு, இப்போது டைல்ஸ்.

சொன்னேன். மூலையை மடித்தது, மெச்சுகிற மாதிரி நடித்தது, அரிசி மூட்டை, பேப்பரில் எழுதிய பொய், எல்லாம். "குணா தோக்கல. நான்தான் ஏமாத்தினேன்," என்று முடித்தபோது ஸ்பீக்கரில் என் குரல் செம்பனைக் காடு வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு ஆட்டை அவன் கையில் கொடுத்தேன். அவனுடைய மகள் அதை வாங்கி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வெயிலில் சாய்த்துப் பிடித்தாள்.

பிறகு சாம்பார் வாளி வைத்திருந்த யாரோ ஒருவர் சிரிக்க, வரிசை முழுவதும் சிரித்தது. குணா மட்டும் சிரிக்காமல் மணியம் அண்ணனிடம் ஒரு தாளை நீட்டினான். லிம் எழுதிக்கொடுத்த தாள். அவர் அதை மைக்கில் படித்தார், இரண்டு விலையையும். கார் என்றதும் கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. படித்து முடித்து அவர் தாளைத் திருப்பித் தந்தபோதுதான் பார்த்தேன், அது வெயிலில் பளபளத்தது. லேமினேட் செய்திருந்தான்.

அவன் மனைவி அன்று கைப்பைக்குள் எதையும் தேடவில்லை. நேராக நின்றாள்.

மணியம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "பக்தகோடிகளே! இன்றைய தயிர்சாதம் உபயம்... ஆட்டுக் குணா குடும்பத்தார்!"

நான் பதறிப்போய்க் குணாவைப் பார்த்தேன். அவன் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

"பேரு போகாது லா," என்றான் என் காதில். "காரணம் மாறிடுச்சுல்ல? இனிமே ஆட்டுக் குணான்னா ஆட்டுக்குச் சொந்தக்காரன்."

மனசு லேசானது. எனக்கே நான் நல்லவளாகத் தெரிந்தேன். தயிர்சாதத்தில் மாதுளை போட்டிருந்தார்கள், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது.

"இன்னொரு முக்கியமான அறிவிப்பு. வாசல்ல விட்டிருக்கிற செருப்ப எல்லாரும் ஒரு தடவ பார்த்துக்குங்க. நம்ம எழுத்தாளரம்மா கிளம்பறாங்க."

எஸ்டேட்டே விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கேரம் பாக்கியைத் தீர்த்துக்கொண்டார்.

நானும் சிரித்துக்கொண்டேதான் வாசலுக்கு வந்தேன். வந்து பார்த்தால் எல்லோருடைய செருப்பும் இருக்கிறது. என்னுடையது மட்டும் இல்லை.

வெறுங்காலோடு காரில் ஏறி, மம்பாவ் திருப்பம் வந்தபோது போன் சிணுங்கியது. குணா ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய காரின் முன் கண்ணாடிக்குக் கீழே என் செருப்புகள் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி:

'பத்திரமா இருக்கு லா. லேமினேட் பண்ணிடவா?'